ஒருவரின் வாசகர் இன்னொருவருக்கும் வாசகராவது எப்படி? சிங்கப்பூர்த் தமிழ் மின்மடல்களும் கூட்டு முயற்சியும்

தமிழில் மின்மடல், அதாவது சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சலில் தொடர்ந்து அனுப்பும் இதழ், எழுதத் தொடங்கும் சிங்கப்பூரர் எவருக்கும் முதல் நூறு வாசகர்கள் பெரிய சிரமமின்றிக் கிடைத்துவிடுகிறார்கள். உறவினர்கள், உயர்நிலைப் பள்ளித் தோழர்கள், அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர், கதைக்களம், கவிமாலை போன்ற இலக்கியச் சந்திப்புகளில் அறிமுகமானவர்கள் என்று பட்டியல் தானாக நிரம்பும். அதன் பிறகு எண்ணிக்கை அசைய மறுக்கும். வாரம் தவறாமல் மடல் அனுப்பினாலும் புதிதாக வருபவர் ஒருவரோ இருவரோதான். எழுத்து மோசமாகிவிட்டதோ என்று எழுதுகிறவர் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் எழுத்தில் கோளாறு இருப்பதில்லை. மடல் புதியவரைச் சென்றடைய வழியில்லாததே காரணம்.

ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் முன்பின் அறியாத ஒருவர் கண்ணில் நம் பதிவு படுவதற்கு அந்தத் தளமே ஏற்பாடு செய்கிறது. மின்னஞ்சலில் அந்த இடைத்தரகர் கிடையாது. கேட்டவருக்கு மட்டும் போகும், கேட்ட எல்லாருக்கும் போகும். அதுதான் மின்மடலின் பலம். தளத்தின் விதி மாறினாலும் வாசகர் கைவிட்டுப் போவதில்லை. ஆனால் அதே காரணத்தால் மடல் தானாகப் பரவுவதும் இல்லை. ஏற்கெனவே வாசகரின் நம்பிக்கையைப் பெற்ற இன்னொருவர் “இதைப் படித்துப் பாருங்கள்” என்று சொன்னால்தான் அது அடுத்த வீட்டுக்குப் போகும். மின்மடல் உலகில் கூட்டு முயற்சிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

ஆங்கில மின்மடல்கள் இதை ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்துவிட்டன. 2017இல் தொடங்கப்பட்ட மின்மடல் தளமான சப்ஸ்டாக், 2022 ஏப்ரலில் பரிந்துரை வசதியைக் கொண்டுவந்தது. ஒரு மடலுக்குச் சந்தாதாரராகச் சேர்ந்தவுடன், அதன் ஆசிரியர் பரிந்துரைக்கும் மற்ற மடல்கள் திரையில் வரும். ஒரே தட்டலில் அவற்றுக்கும் சந்தாதாரராகிவிடலாம். முன்பு கன்வர்ட்கிட் என்ற பெயரில் இயங்கிய கிட், பீஹைவ் ஆகிய தளங்களிலும் இதையொத்த ஏற்பாடுகள் உள்ளன. பீஹைவில் ஒரு சந்தாதாரருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தே பரிந்துரை பெறலாம். கோடிக்கணக்கானோர் படிக்கும் மொழியில் இது நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு எழுத்தாளர்கள் கைகோக்கும்போது இருவருக்கும் பொதுவான வாசகர்கள் மிகக் குறைவாக இருப்பார்கள் என்ற கணக்கின் மேல் கட்டப்பட்ட முறை இது.

சிங்கப்பூர்த் தமிழில் அந்தக் கணக்கு செல்லாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஆங்கிலத்தைச் சொன்னவர்கள் 48.3 விழுக்காட்டினர். அந்த ஒரு லட்சத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள், பேசுவார்கள் ஆனால் நீண்ட கட்டுரையைப் படிக்கமாட்டார்கள் என்ற நிலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். விருப்பத்தோடு தமிழ் படிப்பவர்கள் சிறு கூட்டம். அவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். அங் மோ கியோ நூலகத்தில் வாசகர் வட்டத்துக்கு வருபவரைப் புத்தக வெளியீட்டிலும் பார்க்கலாம், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவிலும் பார்க்கலாம்.

இதைக் கற்பனை எண்களில் வைத்துப் பார்ப்போம். சிறுகதை பற்றி எழுதும் மடல் ஒன்றுக்கு 400 வாசகர்கள். கவிதை பற்றி எழுதும் மடலுக்கும் 400. இவர்களில் 300 பேர் பொதுவானவர்கள் என்றால், ஒருவர் மற்றவரை அறிமுகப்படுத்தும்போது புதிதாகக் காதில் விழுவது 100 பேருக்குத்தான். அவர்களில் பத்தில் ஒருவர் சேர்ந்தால் பத்து வாசகர்கள். மீதி 300 பேருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி இரண்டாம் முறை வருகிறது. அதே சிறுகதை மடல், 400 வாசகர்கள் கொண்ட சமையல் மடல் ஒன்றோடு சேர்ந்தால் பொதுவானவர்கள் 50 பேர்தான் இருக்கலாம். இலக்கியத்தில் ஆர்வம் குறைவு என்பதால் இருபதில் ஒருவர்தான் சேர்வார் என்று வைத்துக்கொண்டாலும் 17 பேர் வருவார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பதினேழு பேரும் இதுவரை எந்த இலக்கியக் கூட்டத்துக்கும் வராதவர்களாக இருக்கக்கூடும். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு நட்பு வட்டம் இருக்கிறது.

நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள் என்பதே என் கருத்து. கவிஞர் கவிஞரோடு சேர்கிறார், விமர்சகர் விமர்சகரோடு சேர்கிறார். அதில் நட்பு வளர்கிறது, மனத்துக்கு ஊக்கம் கிடைக்கிறது. வாசகர் பரப்பு மட்டும் விரிவதில்லை. பரப்பு விரிய வேண்டுமானால் துறை தாண்டிப் போக வேண்டும். பிள்ளைக்கு வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் பாடுபடும் பெற்றோருக்காக எழுதுகிறவர், தொடக்கநிலைத் தேர்வுக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் தமிழாசிரியர், வீட்டு மாடத்தில் கறிவேப்பிலை வளர்ப்பதைக் காணொளியாகப் போடுபவர், சிங்கப்பூர் இந்தியர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதும் இளைஞர் ஆகியோரிடம் இருக்கும் வாசகர்கள்தான் நமக்குப் புதியவர்கள்.

இந்தக் கடைசிப் பிரிவினர் பலர் நினைப்பதைவிட முக்கியமானவர்கள். ஆங்கிலத்தில் எழுதுபவரின் தமிழ் வாசகர்களுக்குத் தமிழ் மேல் பற்று இருக்கும், வேகமாகப் படிக்கத்தான் வராது. வானொலியில் ஒலி 96.8 கேட்டு வளர்ந்தவர்களுக்கு எழுத்தைவிடக் காது நன்றாகப் பழகியிருக்கும். அவர்களுக்காக ஒரு மடலையாவது ஆசிரியரே வாசித்து ஒலிப்பதிவாக இணைத்தால் தடை பாதி குறைந்துவிடும். கூட்டாளியின் மடலில் நம்மைப் பற்றிய அறிமுகம் ஆங்கிலத்தில் வரட்டும், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இணைப்பைத் தட்டி வருபவருக்குத் தமிழ் காத்திருந்தால் போதும்.

பத்திரிகை வரலாற்றிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1887இல் மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வருகிறது. நிலைத்ததற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அது தனியாக நிற்கவில்லை என்பது. தொடக்கத்தில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அதற்குத் துணை நின்றது. பிறகு 1950களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதி பள்ளிப் பிள்ளைகளையே எழுதவைத்தது. தன் மகளின் கட்டுரை அச்சில் வந்த பத்திரிகையை எந்த வீடும் படிக்காமல் விடாது. எழுதுகிறவரைச் சேர்த்துக்கொண்டால் அவரோடு அவருடைய வாசகர்களும் வருவார்கள் என்பதை அந்தத் தலைமுறை செய்து காட்டியிருக்கிறது.

கூட்டு முயற்சியில் மிக எளியது, ஒருவர் மடலில் இன்னொருவரைப் பற்றி நான்கு வரி எழுதுவது. எளியது என்பதாலேயே கவனமில்லாமல் செய்யப்படுவதும் அதுதான். “என் நண்பர் அருமையான மடல் ஒன்று நடத்துகிறார், அனைவரும் சேர்ந்து ஆதரவு தாருங்கள்” என்ற அறிமுகம் யாரையும் அசைக்காது. ஆதரவு கேட்கும்போது வாசகர் தன்னிடம் நன்கொடை கேட்கிறார்கள் என்றுதான் உணர்வார். அதே நான்கு வரியை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“தேக்கா ஈரச்சந்தையில் கிடைக்கும் கீரைகளைப் பற்றி வாரத்துக்கு ஒன்றாக எழுதுகிறார். எதை எப்படி ஆய்வது, எதைப் பருப்போடு சேர்ப்பது, எதைச் சேர்க்கக்கூடாது என்று அவர் மாமியாரிடம் கேட்டறிந்தவை. போன வாரம் பொன்னாங்கண்ணி. எங்கள் வீட்டில் மறுநாளே சமைத்தோம். எம்ஆர்டியில் நான்கு நிறுத்தம் போவதற்குள் படித்து முடித்துவிடலாம்.”

இதில் என்ன வரும், எப்போது வரும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற மூன்றும் இருக்கின்றன. பரிந்துரைப்பவர் உண்மையிலேயே படித்தார் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. அந்தச் சான்றுதான் வாசகரை நகர்த்துகிறது. கூட்டாளி நமக்குத் தருவது தன் முகவரிப் பட்டியலை அன்று, தன் சொல்லுக்கு இருக்கும் மதிப்பை. படிக்காத மடலைப் பரிந்துரைக்கிறவர் அந்த மதிப்பைக் கரைத்துக்கொள்கிறார். இன்னொருவர் படிக்காமலே தன்னைப் பரிந்துரைக்க விடுகிறவரும் அதே தீங்கைச் செய்கிறார்.

அடுத்த படி, கூட்டாளியின் மடலில் விருந்தினராக ஒரு கட்டுரை எழுதுவது. இங்கே பலரும் தம் வழக்கமான கட்டுரை ஒன்றையே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். விருந்தினர் கட்டுரை அந்த வீட்டின் பேச்சிலிருந்து தொடங்க வேண்டும். வரலாறு எழுதுகிறவர் சமையல் மடலில் விருந்தினராகிறார் என்று வைத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலை வட்டாரம் மாட்டு வணிகத்துக்குப் பேர்போனது. பஃபலோ சாலை என்ற பெயரும், மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் சாலையும் அந்தக் காலத்தின் எச்சங்கள். மாடு இருந்த இடத்தில் பால் இருந்தது, பால் இருந்த இடத்தில் தயிரும் மோரும் இருந்தன. தயிரிலிருந்து தொடங்கி அந்தத் தொழுவங்களுக்கு அழைத்துப்போகும் கட்டுரையைச் சமையல் வாசகர் ஆவலோடு படிப்பார். காலனிய நில வரி பற்றிய கட்டுரையை அதே வாசகர் முதல் பத்தியிலேயே மூடிவிடுவார். இரண்டும் அதே எழுத்தாளரின் அறிவிலிருந்து வருபவைதான்.

கட்டுரையின் முடிவில் ஒரு தொடர்ச்சி இருக்க வேண்டும். “அந்தத் தொழுவங்கள் பிறகு ஏன் மறைந்தன என்பதை என் மடலில் எழுதியிருக்கிறேன்” என்பது போல. என்னைப் பின்தொடருங்கள் என்ற பொது அழைப்பைவிட, விட்ட இடத்திலிருந்து தொடரும் ஒரு கட்டுரைக்கான இணைப்பு பல மடங்கு பயன் தரும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பொருளில் தொடர் எழுதுவது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லிட்டில் இந்தியா ஒளியூட்டப்படுகிறது, சந்தை கூடுகிறது. ஒருவர் பலகாரம் பற்றி, ஒருவர் துணிக்கடை பற்றி, ஒருவர் அதே தெருவின் பழைய கட்டடங்கள் பற்றி, ஒருவர் இரவு முழுதும் கடை நடத்தும் குடும்பம் பற்றி என்று ஆளுக்கொரு வாரம் தத்தம் மடலில் எழுதி, ஒவ்வொரு மடலும் அடுத்த வாரத்தவரின் இணைப்போடு முடிந்தால், வாசகர் தாமாகவே நான்கு வீடுகளுக்குப் போய் வந்துவிடுவார். யாரும் யாருக்கும் விளம்பரம் செய்ததாகத் தோன்றாது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: இதை ஏப்ரலில் செய்யாதீர்கள். வளர்தமிழ் இயக்கத்தின் தமிழ்மொழி விழாவில் அந்த மாதம் முழுதும் நிகழ்ச்சிகள் நிறைந்திருக்கும். தமிழ் ஆர்வலரின் மாலைப்பொழுதுகள் எல்லாம் அப்போது பேசிவைக்கப்பட்டுவிடும். ஜூன் பள்ளி விடுமுறையும் தீபாவளிக் காலமும் மேலானவை.

தொழில்நுட்பத்தில், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைவிடத் தமிழில் எழுதுகிறவர்களை அதிகம் பாதிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1997இல் நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியால், கணினியில் தமிழைப் பயன்படுத்துவது பற்றிய தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில் நடந்தபோது, ஒருவர் கணினியில் தட்டச்சு செய்த தமிழ் இன்னொருவர் கணினியில் தெரியுமா என்பதே பெரிய கேள்வி. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. இன்று கூட்டாளியின் பத்தியை அப்படியே எடுத்து நம் மடலில் ஒட்டலாம். ஆனால் அந்தக் குறியீடுகளைச் சேமிக்கும் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்று எழுதினால் ஐந்து குறியீடுகள், 15 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். ஜிமெயிலோ ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை நடுவில் வெட்டிவிட்டு, முழுதும் படிக்க ஓர் இணைப்பை மட்டும் காட்டுகிறது. இரண்டாயிரம் சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை எழுத்திலேயே அறுபது கிலோபைட்டைத் தொட்டுவிடும். வடிவமைப்புக்கான நிரல் அதோடு சேர்ந்தால் எல்லையைத் தாண்டுவது எளிது. வெட்டுப்படுவது எப்போதும் அடிப்பகுதி. கூட்டாளியின் அறிமுகத்தை நாம் வைப்பதும் அங்கேதான். சந்தாவை விலக்கிக்கொள்ளும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். எனவே நீண்ட மடலில் அறிமுகத்தை முதல் மூன்று பத்திகளுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், அல்லது கட்டுரையின் பாதியை மட்டும் மடலில் வைத்து மீதிக்கு இணைப்புக் கொடுங்கள்.

அந்த விலக்கும் இணைப்பு கண்ணில் படாமல் போனால் வாசகர் ஸ்பேம் பொத்தானை அழுத்திவிடுவார். ஸ்பேம் புகார்கள் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்று ஜிமெயில் அனுப்புநர்களிடம் 2024இலிருந்து வலியுறுத்துகிறது. ஆயிரம் மடலுக்கு மூன்று புகார். ஒரே தட்டலில் ஐந்து மடல்களுக்குச் சேர்ந்துவிட்ட வாசகர், இரண்டு வாரம் கழித்து யார் இவர் என்று திகைப்பதுதான் இத்தகைய புகார்களுக்கு முக்கியமான ஊற்று. ஆகவே தளம் தரும் பரிந்துரைப் பெட்டி வழியே வருபவர்களுக்கு முதல் நாளே ஒரு வரவேற்பு மடல் போக வேண்டும். யார் மூலம் வந்தார்கள் என்பதை அதில் பெயர் சொல்லி நினைவூட்ட வேண்டும்.

பலன் வந்ததா என்று பார்ப்பதற்கு மடலைத் திறந்தவர் எண்ணிக்கையை நம்ப முடியாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, வாசகர் திறக்காத மடலையும் திறந்ததாகக் காட்டிவிடுகிறது. ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனி இணைப்புக் கொடுத்து, அதன் வழியே வந்தவர்களில் மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். பதில் எழுதும் பத்துப் பேர், எழுதாத இருநூறு பேரைவிட மேல்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நல்லெண்ணத்தோடு மீறுபவர்களே இங்கு அதிகம். நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் கூகல் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பார்கள். அந்தப் பட்டியலை ஏற்பாட்டாளர் அன்போடு மின்மடல் எழுதும் நண்பருக்கு அனுப்பிவைப்பார். 2014 ஜூலையிலிருந்து முழுமையாக நடப்பில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தகவலை ஒப்புதல் இல்லாமல் வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவதை ஏற்பதில்லை. வணிக நோக்குள்ள மடல்களை ஒப்புதலின்றி மொத்தமாக அனுப்புவது 2007ஆம் ஆண்டின் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும். 24 மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் போனாலே அது மொத்தமாக அனுப்பியதாகக் கொள்ளப்படும். விலகக் கேட்டவருக்குப் பத்து வேலை நாள்களுக்குப் பிறகும் மடல் போகக்கூடாது. கூட்டாளிகள் இருவரும் தத்தம் பட்டியலைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வாசகரை மட்டும் அழைத்தால் இந்தச் சிக்கல் எதுவும் எழாது.

இனி, கேட்பது எப்படி? இதுதான் இந்த ஊரில் மிகக் கடினமான பகுதி. நம் தமிழ் வட்டம் சிறியது. இன்று மறுத்தவரை அடுத்த சனிக்கிழமை ஒரு நூல் வெளியீட்டில் பார்த்தாக வேண்டும். வயதில் மூத்தவரை ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்துப் பழகிய இடத்தில், மூத்தவர் கேட்டால் இளையவரால் மறுக்க முடியாது. இளையவர் கேட்டால் மூத்தவர் சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார். எனவே மறுப்பதற்கு வசதியாகக் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் நேருக்கு நேர் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். “அக்கா, உங்கள் மடலில் பெற்றோருக்கான பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். தாலாட்டுகள் பற்றி அறுநூறு சொல்லில் ஒரு கட்டுரை உங்கள் வாசகர்களுக்காக எழுதித் தரலாமா? ஜூன் விடுமுறைக்குப் பொருந்தும் என்று தோன்றியது. இப்போது இடமில்லை என்றால் சங்கடம் வேண்டாம், நான் வழக்கம்போல் படித்துக்கொண்டிருப்பேன்” என்று எழுதினால், என்ன கேட்கிறோம், எவ்வளவு வேலை, எப்போது என்பது தெளிவாகிறது. மறுப்பவருக்கும் மரியாதை குறைவதில்லை.

ஒருவருக்கு இருநூறு வாசகர்கள், மற்றவருக்கு இரண்டாயிரம் என்றால் சரிக்குச் சரி பரிமாற்றம் பொருந்தாது. சிறியவர் உழைப்பைக் கொடுக்கலாம்: கட்டுரை, மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவு, மெய்ப்புத் திருத்தம். பெரிய மடல் நடத்துகிறவர்களுக்கு வாசகர்கள் உண்டு, எழுத ஆள் கிடைப்பதில்லை. தேதி, சொல் எண்ணிக்கை, தலைப்பை யார் முடிவு செய்வது, கட்டுரை பிறகு யாருடையது ஆகியவற்றை முதலிலேயே இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லது.

சிங்கப்பூர்த் தமிழ் மின்மடல்கள் பெரும்பாலும் எட்டாத ஒரு வாசகர் கூட்டம் இன்னும் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 2.5 விழுக்காட்டுக்குள் வராதவர்கள், தமிழகத்திலிருந்து வேலை அனுமதியில் வந்திருக்கும் தொழிலாளர்கள். சரளமாகத் தமிழ் படிப்பவர்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் புழங்குவது வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும்தான், மின்னஞ்சல் பெட்டியை அன்றாடம் திறப்பவர்கள் குறைவு. அவர்களிடையே கைப்பேசியில் காணொளி எடுத்துப் போடும் தோழர்கள் இருக்கிறார்கள். வேலை அனுமதி விதிகள், ஊருக்குப் பணம் அனுப்புவது, விடுமுறை நாளில் போய்ப் பார்க்கத்தக்க இடங்கள் என்று பேசுகிறார்கள். அவர்களோடு சேர விரும்பும் மின்மடல், முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பத்தக்க ஒரு பக்கச் சுருக்கமாகத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை இரவுக்குள் அனுப்பிவிட வேண்டும், பலருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். எழுத விரும்பும் தொழிலாளிக்கு அதில் இடமும், அந்த எழுத்துக்கு உரிய சன்மானமும் கொடுக்க வேண்டும்.